எஞ்சின் ஓசை கேட்டுப் பழுதறிதல்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

ஓடும் எஞ்சினைப் பிரிக்காமல், அது எழுப்பும் ஓசையைக் கேட்டே உள்ளே எந்த உறுப்பு தேய்ந்துள்ளது என்று அறிவது மோட்டார் தொழிலின் பழைய திறன்களுள் ஒன்றாகும். ஒரு லட்சம், இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார்களுக்கு இத்திறன் மிகவும் தேவைப்பட்டது. தமிழ்நாட்டின் சிறுநகரப் பட்டறைகளில் அம்பாசிடர், பியட் கார்களின் காலத்தில் இது நன்கு வளர்ந்தது. கணினிவழிப் பழுதறியும் கருவிகள் வந்த பிறகு மெல்லக் குறைந்துவருகிறது. இதனைக் கைராசி என்றும் அனுபவம் என்றும் சொல்லிப் பலர் நிறுத்திவிடுகின்றனர். உண்மையில் அதற்குள் தெளிவான தர்க்கம் ஒன்று உண்டு. அது எந்தச் சூழலில் உருவானது, எப்படிச் செயல்பட்டது, இன்று எதற்குப் பயன்படும் என்பவற்றைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

நிலமும் சாலையும்

பெரம்பலூரும் அரியலூரும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடபகுதியில் அமைந்திருந்தவை. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் அதிலிருந்து பிரிந்து, 2002இல் மீண்டும் அதனுடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் வழியாக விழுப்புரம் – திருச்சி கார்டு லைன் ரயில் பாதை செல்கிறது. பெரம்பலூர் நகருக்கு ரயில் நிலையம் கிடையாது. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையே அதன் உயிர்நாடி. ஆகவே பெரிய மருத்துவமனைக்கோ, மொத்தக் கடைக்கோ, வெளியூர்த் திருமணத்திற்கோ செல்ல வேண்டுமானால் பேருந்து அல்லது வாடகைக் கார் என்ற நிலையே இங்கு நெடுங்காலம் இருந்தது. அந்தக் கார் நடுவழியில் நின்றால் பயணமும் நின்றது.

அரியலூர்ப் பக்கத்து நிலத்தடியில் பழங்காலக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல் ஏராளமாக உள்ளது. 1939இல் அருகிலுள்ள டால்மியாபுரத்திலும், 1979இல் அரசு நிறுவனமான தமிழ்நாடு சிமெண்ட்ஸ் வழியாக அரியலூரிலும் சிமெண்ட் உற்பத்தி தொடங்கியது. பின்னர் கோவிந்தபுரம், ரெட்டிப்பாளையம், தளவாய் முதலிய ஊர்களிலும் ஆலைகள் எழுந்தன. சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல் ஏற்றிச் செல்லும் லாரிகளால் இங்குள்ள சாலைகளில் தூசி ஓய்வதில்லை.

எஞ்சினுக்கும் தூசிக்கும் உள்ள உறவு முக்கியமானது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில், சுண்ணாம்புக்கல்லின் முதன்மைக் கனிமமான கால்சைட்டின் எண் 3. அது மென்மையானது. ஆனால் சாலைத் தூசியோடு கலந்து பறக்கும் குவார்ட்ஸ் மணலின் எண் 7. காற்று வடிகட்டியைத் தாண்டி அது உள்ளே புகுந்தால் பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் அரைக்கும். நுண்ணிய சுண்ணாம்புத் தூளோ வடிகட்டியை அடைத்துவிடும். அடைபட்ட வடிகட்டியால் கார்புரேட்டர் எஞ்சினுக்குக் காற்றுக் குறைந்து பெட்ரோல் மிகும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவி, கீழே இறங்கி ஆயிலையே நீர்க்கச் செய்யும். நீர்த்த ஆயிலால் பேரிங்குகளைக் காக்க முடியாது. அவை ஓசையிடத் தொடங்கும். வெளியில் படிந்த தூசிக்கும் உள்ளே கேட்கும் தட்டலுக்கும் இடையிலான தொடர்பு இதுவே.

ஒரே காரை முப்பது ஆண்டு ஓட்டிய காலம்

ஓசை கேட்டுப் பழுதறிவது இந்தியாவில் இவ்வளவு தூரம் வளர்ந்ததற்கு அரசின் தொழிற்கொள்கையும் ஒரு காரணம். 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் கார்களைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. போர்டு நிறுவனமும் அவ்வாறே செய்தது. 1953இல் சுங்கவரி ஆணையம், உதிரிகளை இறக்குமதி செய்து பொருத்த மட்டும் செய்யும் நிறுவனங்கள் தொடரக் கூடாது, உள்நாட்டிலேயே உற்பத்தி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் விலகின. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் என மூன்று நிறுவனங்களே கார் சந்தையை ஆண்டன.

1957இல் வெளிவந்த அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டது. 1959இல் அதற்கு 1489 சிசி கொள்ளளவுள்ள, வால்வுகள் மேலே அமைந்த எஞ்சின் பொருத்தப்பட்டது. அடிப்படையில் அதே எஞ்சின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உற்பத்தியில் இருந்தது. புதுக் காருக்கு முன்பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்த காலம் அது. எனவே வாங்கிய காரை எளிதில் எவரும் கைவிடவில்லை. தந்தை ஓட்டிய வாடகைக் காரை மகன் ஓட்டினார். எஞ்சின் இருமுறை, மும்முறை இறக்கப்பட்டு வேலை பார்க்கப்பட்டது.

இதனால் ஒரு வசதி உண்டாயிற்று. பட்டறைக்கு வரும் கார்களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வகைகளுக்குள் அடங்கின. ஒரே எஞ்சினை நூற்றுக்கணக்கான முறை கேட்ட காதுக்கு, அதன் இயல்பான ஓசை மனப்பாடமாகிவிடும். இயல்பு தெரிந்தவருக்கே பிறழ்வு தெரியும். இன்று ஒரு பட்டறைக்கு ஒரே நாளில் பத்து நிறுவனங்களின் முப்பது வகைக் கார்கள் வருகின்றன. அப்படியோர் ஒப்பீட்டுக்கு இப்போது வாய்ப்புக் குறைவு.

அக்காலத்துப் பல கார்களில் தூரம் காட்டும் மீட்டருக்கு ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999க்குப் பிறகு அது மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மீட்டரில் 40,000 என்று காட்டும் கார் உண்மையில் 1,40,000 கிலோமீட்டரோ 2,40,000 கிலோமீட்டரோ ஓடியிருக்கக்கூடும். எத்தனை சுற்று முடிந்தது என்பதை எஞ்சினின் ஓசையும் புகையும் ஆயில் செலவும்தான் சொல்ல வேண்டியிருந்தது.

உறுப்புகள் தமிழ்நாட்டில் உருவாயின

பழுதைக் கண்டறிவதால் மட்டும் பயனில்லை, மாற்று உறுப்பும் கிடைக்க வேண்டும். இவ்வகையில் தமிழ்நாட்டுக்கு ஒரு சிறப்பு உண்டு. பிஸ்டனும் வளையங்களும் செய்யும் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இல் சென்னை செம்பியத்தில் நிறுவப்பட்டது. எஞ்சின் வால்வுகளுக்கென 1959இல் சென்னையில் எஞ்சின் வால்வ்ஸ் நிறுவனம் தொடங்கியது. டைனமோ, ஸ்டார்ட்டர் முதலிய மின்கருவிகளுக்காக லூகாஸ் டிவிஎஸ் 1961இல் தோன்றிப் பாடியில் ஆலை நடத்தியது. கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகளைச் செய்யும் பைமெட்டல் பேரிங்ஸ் அதே 1961இல் உருவாகிக் கோயம்புத்தூரில் இயங்கியது. பிஸ்டன், வால்வு, பேரிங், டைனமோ என எஞ்சினில் ஓசையிடும் முக்கிய உறுப்புகள் அனைத்தும் இம்மாநிலத்திலேயே தயாராயின. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய அளவு பிஸ்டனைப் போடும் வேலையைத் திருச்சி போன்ற நகரங்களின் லேத் பட்டறைகள் செய்தன.

திருப்புளியும் காதும்

மெக்கானிக்கின் முதன்மைக் கருவி நீண்ட திருப்புளி. அதன் முனையை எஞ்சினின் ஓரிடத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்தால் அந்த இடத்தின் அதிர்வு நேரே காதுக்கு வரும். உலோகத்தில் ஓசை, காற்றில் செல்வதைவிடப் பன்மடங்கு விரைவாகவும் குறைந்த இழப்போடும் செல்லும். முனையை இடம் மாற்றி மாற்றி வைத்து, எங்கே ஓசை மிகுதியாகக் கேட்கிறதோ அங்கே பழுது என்று முடிவு செய்வர். இரும்புக் கம்பி, ரப்பர் குழாய் ஆகியவையும் இவ்வாறே பயன்பட்டன.

இதே வழியில்தான் மருத்துவமும் வளர்ந்தது. 1761இல் வியன்னாவில் ஆவென்பிரக்கர் என்ற மருத்துவர், நோயாளியின் மார்பைத் தட்டி உள்ளே நீர் கோத்துள்ளதா என்று அறியும் முறையை நூலாக வெளியிட்டார். அவருடைய தந்தை விடுதி நடத்தியவர். மதுப் பீப்பாயைத் தட்டி உள்ளிருக்கும் அளவை அறியும் வழக்கமே இம்முறைக்கு வித்திட்டது என்பர். 1816இல் பாரிஸில் லென்னெக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்தது. நம்மூரில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குபவரும், தேங்காயைச் சுண்டிப் பார்ப்பவரும் கடைப்பிடிப்பது இதே தத்துவத்தைத்தான். திறக்க முடியாத ஒன்றின் உள்நிலையை அதன் ஓசை காட்டும்.

இந்த வட்டாரத்துக் கிராமத்தாருக்கு எஞ்சின் ஓசை புதிதன்று. மின்சாரம் வருவதற்கு முன் கிணற்றுப் பாசனத்திற்கு ஆயில் எஞ்சின்கள் ஓடின. ஒரே சிலிண்டருடன் மெதுவாகச் சுழலும் அந்த எஞ்சினின் ஒவ்வொரு அடியையும் எண்ண முடியும். வயலின் மறுகோடியிலிருந்தே அடி தவறுவதைக் கேட்டு ஓடிவந்து நிறுத்துவர்.

ஓசைகளும் அவற்றின் பொருளும்

காரின் சொந்தக்காரர் பட்டறைக்கு வந்து முதலில் சொல்வது ஒரு இரட்டைக்கிளவியாகத்தான் இருக்கும். “டிக் டிக்னு கேக்குது”, “டொக் டொக்னு அடிக்குது”, “கடகடங்குது”, “கீச்சுனு கத்துது” என்பன வெறும் வருணனைகளல்ல. ஓசையின் கனம், இடைவெளி, தன்மை ஆகிய மூன்றும் அச்சொற்களில் அடங்கியுள்ளன. நல்ல மெக்கானிக் அதைக் கேட்டதும் மூன்று கேள்விகள் கேட்பார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? நின்றுகொண்டு ஓடும்போதா, மேடேறும்போதா? ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஓசையும் விரைவாகிறதா? மூன்றாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் பழுது எஞ்சினில் இல்லை. சக்கரத்திலோ அடிப்பகுதியிலோ தேட வேண்டும்.

மெல்லிய, சீரான “டிக் டிக்” பெரும்பாலும் டாப்பெட்டிலிருந்து வரும். வால்வுக்கும் அதைத் தள்ளும் உறுப்புக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி மிகுந்துவிட்டது என்பது பொருள். வால்வுகளை இயக்கும் கேம் தண்டு, கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழலும். நிமிடத்திற்கு 800 சுற்றில் எஞ்சின் ஓடும்போது ஒரு வால்வு 400 முறையே திறக்கும். ஆகவே டிக் ஓசை எஞ்சினின் வேகத்தைவிட நிதானமாகக் கேட்கும். இந்தக் கணக்கு தெரிந்தவர், கேட்பது மேல்பக்க ஓசையா கீழ்ப்பக்க ஓசையா என்று பிரித்தறிவார்.

கனமான “டொக் டொக்” கவலைக்குரியது. கனெக்டிங் ராடு கிராங்க் தண்டைப் பற்றும் இடத்திலுள்ள பேரிங் தேய்ந்தால் இவ்வோசை எழும். வேகத்தைச் சற்றே கூட்டி, ஆக்சிலரேட்டரை விடும் தருணத்தில் தெளிவாகக் கேட்கும். இதை உறுதி செய்ய ஒரு சோதனை உண்டு. ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்காகச் செயலிழக்கச் செய்வர். எந்தச் சிலிண்டரின் தீப்பொறியை நிறுத்தியதும் ஓசை தணிகிறதோ அந்தச் சிலிண்டரின் பேரிங்கே தேய்ந்தது. அழுத்தம் இல்லாதபோது தட்டலும் இல்லை என்பதே இதன் தர்க்கம். பழைய டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது என்பதால், இன்ஜெக்டருக்குச் செல்லும் குழாயின் மரையைச் சற்றுத் தளர்த்தி இதே சோதனையைச் செய்தனர்.

இவ்விரு சோதனைகளையும் இன்றைய கார்களில் செய்யவே கூடாது. பிளக்கை நிறுத்தினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியை எரித்துவிடும், மின்னணுப் பகுதிகளும் பழுதாகலாம். காமன் ரெயில் டீசல் எஞ்சினின் குழாயில் அழுத்தம் 1000 பாருக்கும் மேல் இருக்கும். மரையைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும்.

கிராங்க் தண்டின் முதன்மைப் பேரிங் தேய்ந்தால் “தொம் தொம்” என்ற அடங்கிய ஓசை வரும். காதைவிட, காரின் தளத்தில் வைத்த பாதம் அதை நன்றாக உணரும். குளிர்ந்த எஞ்சினில் காலையில் “லொட லொட” என்று கேட்டு, சூடேறியதும் மறைந்தால் அது தேய்ந்த சிலிண்டருக்குள் பிஸ்டன் ஆடும் ஓசை. சூட்டில் பிஸ்டன் விரிந்ததும் இடைவெளி குறைவதால் ஓசை அடங்குகிறது. எஞ்சினின் முன்பக்கம் “கடகட” என்றால் டைமிங் செயின் தளர்ந்துள்ளது. “கீச்” என்று கத்துவது ஃபேன் பெல்ட். “கரகர” என்பது டைனமோ அல்லது தண்ணீர் பம்பின் பேரிங். பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில நொடிகள் மட்டும் எஞ்சினை ஓட்டினால் இவை உண்மையா என்று தெரிந்துவிடும். எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் கேஸ்கட் கசிந்தாலும் டாப்பெட் போலவே டிக் ஓசை வரும். இதில் ஏமாந்தவர் பலர்.

ஆக, இம்முறையின் ஒழுங்கு எளிது. முதலில் வெளியே, பிறகு உள்ளே. முதலில் செலவில்லாதது, பிறகு செலவுள்ளது. ஆயில் அளவு, பெல்ட், டாப்பெட் இடைவெளி ஆகியவற்றைப் பார்த்த பின்னரே எஞ்சினை இறக்குவது பற்றிப் பேச்சு. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு எஞ்சின் இறக்கிய நாளெல்லாம் வருமானமற்ற நாள். கேஸ்கட் கசிவைப் பேரிங் தேய்மானம் என்று தவறாகச் சொன்னால் ஒரு குடும்பம் கடனில் விழும். எனவே இத்திறன் காருக்கு மட்டும் உரியதன்று, நேர்மைக்கும் உரியது.

மேடேறும்போது எழும் ஓசையும் ஈயத்தின் கதையும்

மேற்கே பச்சைமலைப் பக்கம் ஏறும்போதோ, சுமையோடு வேகமெடுக்கும்போதோ எஞ்சினில் “கிணுகிணு” என்று சில்லறைக் காசு குலுங்குவது போன்ற ஓசை எழுவதுண்டு. இது உறுப்புத் தேய்மானத்தால் வருவதன்று. சிலிண்டருக்குள் பெட்ரோல் சீராக எரியாமல், ஒரு பகுதி தானாகவே வெடிப்பதால் வருகிறது. இதை நாக்கிங் என்பர்.

இவ்வோசைக்கான காரணத்தைத் தேடியது ஒரு பெரிய பழுதறியும் முயற்சியாகும். அமெரிக்காவில் 1910களில் இது மின்கல இக்னிஷன் கருவியின் குறை என்று பலர் எண்ணினர். அக்கருவியை வடிவமைத்த சார்லஸ் கெட்டரிங்கின் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி இதனை ஆராய்ந்தார். குறை கருவியில் இல்லை, எரிபொருளில்தான் என்று கண்டார். 1921 டிசம்பரில் டெட்ராஎத்தில் ஈயத்தைச் சிறிதளவு கலந்தால் ஓசை நிற்பதையும் கண்டுபிடித்தார். 1923இல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே அதைத் தயாரித்த தொழிலாளர்கள் நஞ்சேறி இறந்தனர். மிட்ஜ்லியும் ஈய நஞ்சால் பாதிக்கப்பட்டார். எனினும் உலகமே அந்தப் பெட்ரோலை ஏற்றது. நோய்க்காரணத்தைச் சரியாகக் கண்டும் தவறான மருந்தைத் தேர்ந்தெடுத்த கதை இது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது உறுதியான பிறகே நாடுகள் அதனைக் கைவிட்டன. இந்தியாவில் 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமானது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது.

இந்தியாவில் நாக்கிங்கிற்கு இன்னொரு காரணமும் உண்டு. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் எளிதில் தானாக வெடிக்கும். இக்கலப்படத்தைக் கண்டறியவே ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் கலக்கப்பட்டது. பெட்ரோல் நிரப்பிய அன்றே கிணுகிணு தொடங்கினால், எஞ்சினைத் தொடாமல் முதலில் டாங்கியைச் சந்தேகிப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். இக்னிஷன் டைமிங் முந்தியிருந்தாலும் இதே ஓசை வரும். அதைச் சில டிகிரி பின்னுக்குத் தள்ளினால் தீரும்.

ஓசை நின்றாலும் நோய்தான்

ஓசையே பழுதின் அடையாளம் என்று நினைப்பது தவறு. ஈயம் பெட்ரோலில் இருந்தவரை, வால்வு அமரும் இடத்தில் அது ஒரு மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. இரும்பு வார்ப்பு ஹெட்டிலேயே வால்வு இருக்கை கடையப்பட்டிருந்த பழைய எஞ்சின்களில், ஈயம் நின்றபின் வால்வு மெல்ல மெல்ல உள்ளே பதியத் தொடங்கியது. வால்வு உள்ளே பதியப் பதிய டாப்பெட் இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் டிக் ஓசையும் குறையும். வண்டி அமைதியாகிவிட்டது என்று சொந்தக்காரர் மகிழ்வார். இடைவெளி முற்றும் இல்லாமற்போகும்போது வால்வு முழுதாக மூடாது. எரியும் வாயு அதன் ஓரத்தில் பாய்ந்து வால்வைக் கருக்கிவிடும். எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கே இந்த ஆபத்து அதிகம்.

அதனால்தான் பழைய கார்களில் டாப்பெட்டின் மெல்லிய ஓசை கேட்டுக்கொண்டிருப்பதை அனுபவசாலிகள் நல்லதென்றே கருதினர். ஓசையைப் போக்குவதற்காக இடைவெளியைக் கூடுதலாக இறுக்கித் தரும்படி கேட்பவருக்கு அவர்கள் இணங்குவதில்லை. இடைவெளியைக் காதால் அல்லாமல் ஃபீலர் கேஜ் தகட்டைக் கொண்டே அளந்தனர். காது சந்தேகத்தை எழுப்பும், அளவுதான் முடிவைச் சொல்லும். இந்த எல்லையை உணர்ந்தவரே தேர்ந்த மெக்கானிக்.

பழைய கார் வாங்கும்போது

கைமாறும் கார்களைப் பார்க்க, தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது இன்றும் உள்ள பழக்கம். அவர் முதலில் பானட்டைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால், வருவதற்கு முன்பே எஞ்சினை ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பிஸ்டன் ஆடும் ஓசை குளிர்ந்த எஞ்சினில்தான் கேட்கும் என்பதை விற்பவரும் அறிவார். பேரிங் தட்டலை மறைக்கத் தடித்த ஆயில் ஊற்றுவதும் உண்டு. அதனால் எஞ்சினை அணைத்து, குளிர வைத்து, மறுநாள் காலையில் வந்து கேட்பதே முறை. ஆயில் அளவுகோலை உருவி, விரலிடையே தேய்த்து, வழக்கத்தைவிடப் பிசுபிசுப்பாக உள்ளதா என்றும் பார்ப்பர்.

கற்ற விதம்

இந்த அறிவு பட்டறையில் வாய்மொழியாகவே கைமாறியது. பத்து, பன்னிரண்டு வயதுப் பையன்கள் பட்டறையில் சேர்ந்து, ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, உறுப்புகளை மண்ணெண்ணெயில் கழுவி, ஆண்டுகள் பல கழிந்தபின் ‘அண்ணன்’ அழைத்துத் திருப்புளியைக் காதில் வைக்கச் சொல்வார். “கேளுடா, இதுதான் பேரிங்” என்ற ஒரு வரியே பாடம். சம்பளம் இல்லாமலோ, சொற்பச் சம்பளத்திலோ பள்ளிப் படிப்பை இழந்து பெற்ற கல்வி அது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதையொட்டிய விதிகளும் மோட்டார் பட்டறை வேலையை ஆபத்தான வேலைகளுள் சேர்த்தன. அந்த வழி அடைபட்டது சரியே. ஓசையை நம்பி வாழ்ந்த தொழிலாளர் பலருக்கு, தொடர்ந்த இரைச்சலால் நடுவயதிலேயே காது மந்தமானதும் உண்டு.

1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் பாடம் கற்பிக்கப்பட்டது. 1961இல் தொழிற்பழகுநர் சட்டம் வந்தது. அளவுகள், உறுப்புகளின் பெயர்கள், வரைபடம் ஆகியவற்றை அங்கே முறையாகக் கற்கலாம். ஓசைகளோ பாடநூலில் சில வரிகளாகவே நின்றன. பட்டறையில் கற்றவருக்கு எழுத்து இல்லை, பள்ளியில் கற்றவருக்குக் காது பழகவில்லை என்ற இடைவெளி நெடுங்காலம் நீடித்தது.

கணினி வந்த பிறகு

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1990களில் பொருளாதாரக் கதவுகள் திறந்தன. சென்னைக்கு அருகில் ஸ்ரீபெரும்புதூரிலும் மறைமலைநகரிலும் பன்னாட்டுக் கார் ஆலைகள் எழுந்தன. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாகக் கடுமையாக, கார்புரேட்டர் மறைந்து கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் செலுத்துமுறை இடம்பிடித்தது. 2010 முதல் புதிய கார்களில் தன்பழுது அறியும் அமைப்பு படிப்படியாகக் கட்டாயமானது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால், ஸ்கேனரைச் செருகிக் குறியீட்டு எண்ணைப் படிக்கலாம். பி 0300 என்றால் சிலிண்டர்கள் சீராக எரியவில்லை என்று பொருள். 2014 மே மாதத்தில் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது.

இதனால் காதின் வேலை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. ஸ்கேனர் படிப்பது சென்சார்கள் சொல்வதை மட்டுமே. தேய்ந்த பேரிங், தளர்ந்த டைமிங் செயின், பெல்ட் உருளையின் கரகரப்பு ஆகியவற்றைச் சென்சார் நேரடியாகச் சொல்லாது. கணினியில் குறியீடு எதுவும் இல்லாத நிலையிலும் எஞ்சின் டொக் டொக் என்று அடிக்கலாம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இன்றைய பெட்ரோல் எஞ்சினின் பக்கவாட்டில் நாக் சென்சார் என்ற சிறிய கருவி உள்ளது. அழுத்தம் பட்டால் மின்சாரம் தரும் படிகம் அதிலுள்ளது. எஞ்சினின் அதிர்வைக் கேட்டு, நாக்கிங் தொடங்கியதும் இக்னிஷன் டைமிங்கைக் கணினி தானே பின்னுக்குத் தள்ளுகிறது. பழைய மெக்கானிக் திருப்புளியைக் காதில் வைத்துச் செய்ததையே அது நொடிக்குப் பலமுறை செய்கிறது. அதாவது, புதிய தொழில்நுட்பம் பழைய முறையைத் தவறென்று ஒதுக்கவில்லை. அதன் ஒரு பகுதியை எஞ்சினுக்குள்ளேயே பொருத்திக்கொண்டது.

முடிவுரை

பெரம்பலூர், அரியலூர்ச் சாலைகளில் இன்று இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடும் கார்கள் அம்பாசிடர்கள் அல்ல. 2000களில் வாங்கப்பட்டு இரண்டாம், மூன்றாம் கைக்கு வந்த கார்கள் அவை. பதினைந்து ஆண்டு முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக உயர்ந்தது. எனினும் புதுக் கார் வாங்க இயலாத குடும்பங்கள் அவற்றையே நம்பியுள்ளன. அவர்களுக்கு ஸ்கேனர் மட்டும் போதாது, கேட்கத் தெரிந்த காதும் வேண்டும்.

முந்தைய தலைமுறை இந்த அறிவை எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்கும் வாய்ப்பு அவர்களுக்குத் தரப்படவுமில்லை. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி உள்ளது. தேய்ந்த பேரிங்கின் ஓசையையும், பின்னர் எஞ்சினைப் பிரித்துக் கண்ட உண்மையையும் இணைத்துத் தமிழில் பதிவு செய்தால் அது தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு நல்ல பாடமாகும். ஒரு பையனின் பள்ளிப் படிப்பை விலையாகக் கேட்காமல் இத்திறன் அடுத்த தலைமுறைக்குச் சேர அதுவே வழி.